கிளட்சுக்குக் கீழே வைத்த களிமண் உருண்டை

சேந்தமங்கலம்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் பிரபாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அந்த ஊர்க் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் சுகம் என்று எழுதிவிட்டு, அப்படி எழுதியது சரிதானா என்று தெரியாமல் எழுந்து வாசல் வரை போய்விட்டு வந்து மறுபடி உட்கார்ந்திருக்கிறேன். காலையிலிருந்து இதே வேலைதான், உட்காருவதும் எழுவதும். போனில் சொன்னால் ஆகாதா என்று நீ கேட்பாய். போனை எடுத்தால் அம்மா ஸ்பீக்கரைப் போடச் சொல்லிப் பக்கத்தில் நின்றுகொள்கிறாள், வீடியோவில் வந்தால் என் முகத்தைப் பார்த்தே நீ பாதியைக் கண்டுபிடித்துவிடுவாய். எதிர்வீட்டுப் பையன் ஞாயிற்றுக்கிழமை டப்ளினுக்குத் திரும்புகிறான், அம்மா அவனிடம் கொடுக்க மிளகும் பருப்புப்பொடியும் கட்டி வைத்திருக்கிறாள், இதையும் அந்தப் பொட்டலத்துக்குள் வைத்துவிடுகிறேன்.

ஜீப் விஷயம்தான் சாமி. மலை ஏறும்போது மூன்றாவது கியரிலிருந்து இரண்டுக்குக் குறைத்தால் கறகறவென்று அரைக்கிறது, ரிவர்ஸ் போட்டால் தெருவே திரும்பிப் பார்க்கிறது என்று பொங்கல் சமயத்தில் உன்னிடம் சொன்னேன் அல்லவா. முதலில் கியர் ஆயிலைத்தான் சந்தேகப்பட்டேன். பழசை வடித்துவிட்டுப் புதுசு ஊற்றினேன், சத்தம் குறைந்த மாதிரி இருந்தது, அது என் ஆசைதான், குறையவில்லை. அடுத்து கியர் ராடு ஆடுகிறது என்று அதன் புஷ்ஷை மாற்றினேன், ஆட்டம் போனது, அரைப்பு போகவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு எல்லாக் கியரும் போட்டுப் பாருங்கப்பா என்று நீதான் சொன்னாய். போட்டேன், ரிவர்ஸ் உட்பட எல்லாம் சத்தமே இல்லாமல் விழுந்தன. அப்படியானால் கியர் பாக்ஸ் நன்றாக இருக்கிறது, கிளட்ச் முழுசாக விடவில்லை, ஓடுகிற இன்ஜின் உள்ளே பல்லைச் சுற்றிக்கொண்டே இருப்பதால்தான் அரைக்கிறது என்றாய். அவ்வளவு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு சரியாகத்தான் சொன்னாய், ஆனால் பாதிதான் சொன்னாய். மீதியை நீ எப்படிச் சொல்லியிருக்க முடியும்.

பட்டறை தீர்த்தகிரி கிளட்ச் பிளேட்டை மாற்றினான், பெடலிலிருந்து கிளட்சுக்குப் போகிற சிலிண்டரையும் மாற்றினான். நான் எடுத்தால் அதே அரைப்பு. அவனே மலையடிவாரத்துக் காரவள்ளி வரை ஓட்டிப் போய்விட்டு வந்து, எனக்கு எல்லாக் கியரும் நல்லா விழுகுதுங்கண்ணா என்றான். மலையில் ஏற்றினால்தானே தெரியும், கியர் பெட்டியை இறக்குடா என்று சத்தம் போட்டேன். இறக்கினான், பல்லெல்லாம் பார்த்தான், ஒன்றும் தேயவில்லை, மாட்டிக் கொடுத்தான். நான் விடவில்லை, இன்னொரு தடவை இறக்க வைத்தேன். அதையும் மாட்டினான். லேசாக மிதித்தாலே கிளட்ச் விடுகிற மாதிரி பெடலைச் சுத்தமாக இறுக்கி வைத்துக் கொடுத்தான். இரண்டு நடை நன்றாகப் போனது, பிறகு ஏற்றத்தில் பிளேட் வழுக்கிக் கருகிய வாடை வந்தது, பழையபடி தளர்த்த வேண்டியதாயிற்று. அவனுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது என்று இப்போது புரிகிறது. அண்ணா, வண்டியில் ஒன்றுமில்லை, கோளாறு உங்களிடம்தான் என்று என் முகத்துக்கு நேரே சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அதனால் வண்டியையே எனக்குத் தகுந்த மாதிரி மாற்றப் பார்த்திருக்கிறான், பாவம். என்னிடம் அவன் வாங்கிக் கட்டிக்கொண்டதை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

போன வாரம் மலைமேல் சோளக்காட்டு ஊரிலிருந்து சந்தைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு இறங்கினேன். பின்னால் முத்தாயம்மாள், நீ வந்தால் அன்னாசி நறுக்கிக் கொடுப்பாளே அவள்தான், அவள் மருமகள் மடியில் கைக்குழந்தை, காலடியில் பலாப்பழம். முன்னால் உன் அம்மா. ஒரு வளைவுக்கு முன்னால் மூன்றிலிருந்து எடுத்தேன், இரண்டு விழவில்லை. மறுபடி மிதித்துப் போட்டேன், அரைத்துத் திருப்பி அடித்தது. கியர் எதிலும் இல்லாமல் வண்டி தன் பாட்டுக்கு உருள ஆரம்பித்தது. நான் பிரேக்கில் ஏறி நின்றேன், அதற்குள் உன் அம்மா குனிந்து கை பிரேக்கை இழுத்துவிட்டாள். தடுப்புச் சுவருக்கும் பம்பருக்கும் நடுவில் ஓர் ஆள் நுழைய முடியாது, அப்படி நின்றது. வண்டிக்கு என்ன சாமி ஆச்சு என்று முத்தாயம்மாள் கேட்டாள். கியர் பாக்ஸ் போச்சு ஆத்தா என்றேன். குழந்தை அப்போதும் தூங்கிக்கொண்டுதான் இருந்தது. அந்தக் குழந்தையின் முகம்தான் கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது பிரபா.

மறுநாள் தீர்த்தகிரியை வீட்டுக்கே வரவழைத்தேன். வாய்க்கால் களிமண்ணை எலுமிச்சம்பழ அளவுக்கு உருட்டி, கிளட்ச் பெடலுக்குக் கீழே தரையில் ஒட்டினேன். பெடல் கடைசிவரை போனால் உருண்டை நசுங்க வேண்டும், நசுங்காது, அவன் செய்த வேலையின் லட்சணத்தை அவன் கண்ணிலேயே காட்டலாம் என்பது என் எண்ணம். அவன் மிதித்தான், அடை தட்டின மாதிரி ஆகிவிட்டது. வேறு உருண்டை வைத்து நான் மிதித்தேன். அடிவரை மிதித்தேன் என்று உன் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருப்பேன். குனிந்து பார்த்தால் உருண்டை வைத்தது வைத்தபடி இருக்கிறது, பெடல் அதைத் தொடக்கூட இல்லை. தீர்த்தகிரி என்னைப் பார்க்காமல் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே, காலை ஒருக்கா டாக்டர்கிட்டக் காட்டுங்கண்ணா என்றான்.

நேற்று டயர் பார்க்கப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு நாமக்கல்லில் டாக்டரிடம் போனேன். கண்ணை மூடச் சொல்லிவிட்டு தூண்டில் நரம்பு மாதிரி ஒன்றால் பாதத்தில் தொட்டார். வலது காலில் அங்கங்கே தெரிந்தது. இடது காலைத் தொடுங்க டாக்டர் என்றேன், தொட்டு முடித்துவிட்டேன் என்றார். இத்தனை வருஷச் சர்க்கரை உள்ளே இருந்து வேலை பார்த்திருக்கிறது, கணுக்காலில் பலமும் குறைந்திருக்கிறதாம். மருந்து எழுதி, பயிற்சிக்கு வரச் சொல்லி, இனி ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள் என்று முடித்துவிட்டார். அதிலிருந்து சாவியைப் பையில் போடுகிறேன், எடுக்கிறேன், மறுபடி போடுகிறேன்.

இதை எழுதும்போதுதான் ஒன்று உறைக்கிறது. போன மாசம் உன் அம்மா சந்தையிலிருந்து பின்னால் வார் வைத்த செருப்பு ஒன்று வாங்கி வந்தாள். பள்ளிக்கூடத்துப் பையனா நான் என்று திட்டினேன். ஒரு செருப்பு வாசலில் கிடக்குது, நீங்க ஒத்தச் செருப்போட ஊட்டுக்குள்ள வந்து நிக்கறீங்க என்றாள், சிரித்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் ஒரு வேலையும் இல்லாமல் நடைக்கு நடை என்னோடு முன் சீட்டில் ஏறிக்கொண்டிருக்கிறாள். கை பிரேக் எங்கே இருக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் யோசிக்கவே இல்லை.

இவ்வளவையும் எழுதிவிட்டுப் பேனாவை மூடிவைத்து அடுப்படிக்குப் போய் அவளிடம் சொல்லிவிட்டுத்தான் வருகிறேன். தெரியுமுங்க என்றாள். அத்தனை பேரை ஏற்றிக்கொண்டு போனேனே, தெரிந்தும் சும்மா இருந்தாயா என்று எனக்குக் கோபம்கூட வந்தது. மூணு தடவ சொன்னேனுங்க, மூணு தடவையும் வண்டிக்குத்தான் கோளாறுன்னீங்க என்றாள்.  சாவியைக் கொடுத்தேன், வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு அப்புறம்தான் அழுதாள். எனக்கும் தாங்கவில்லை.

நீ பயந்து உடனே கிளம்பி வராதே. மருந்து சாப்பிடுகிறேன், இனி ராத்திரி பாதத்தைப் பார்த்து எண்ணெய் தடவுவது அம்மாவின் பொறுப்பாம். சந்தை நடைக்கு வண்டி ஓட்டத் தீர்த்தகிரி ஓர் ஆள் பார்த்துத் தருகிறான். நீ உன் சர்க்கரையை வருஷம் ஒருமுறையாவது பார்த்துக்கொள், மாப்பிள்ளையையும் பார்க்கச் சொல். கிளட்ச் இல்லாத வண்டி ஒரு வண்டியா என்று அவருடைய காரை நான் கேலி செய்ததை அவர் மறந்திருந்தால் நீ ஞாபகப்படுத்தாதே. தாத்தா ஜீப்பில் மலைக்குப் போகலாம் என்று பேரனிடம் சொன்ன வாக்கு மட்டும் அப்படியே இருக்கிறது. நம் குலதெய்வம் உங்கள் மூவரையும் நோய் நொடி அண்டாமல் காக்கட்டும். மறக்காமல் ஒன்று செய், உன் லைசென்ஸ் காலாவதியாகிவிட்டதா என்று எடுத்துப் பார், வருவதற்குள் புதுப்பித்துவிடு. நீ ஓட்டப் பழகியபோது நான் இடது பக்கம் உட்கார்ந்துகொண்டு, மிதி மிதி என்று உன்னிடம் சொல்லிக்கொண்டே நான் கியர் போடுவேனே, அது போதும் எனக்கு. நீ மிதி சாமி, கியரை நான் போடுகிறேன். என் கை நன்றாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அப்பா,
மயில்சாமி.