தெற்கே தலை வைத்த பிலாட்டீஸ் வகுப்பு

அயர்லாந்து நாட்டில் அலுவல் புரியும் அன்பு மகள் வெண்பாவின் சமூகத்திற்கு, விருத்தாசலத்திலிருந்து அன்னை ஆண்டாள் முறைப்படி வரைவது. இவ்விடம் நானும் உன் தந்தையாரும் சுகமே இருக்கிறோம். அவ்விடத்துக் குளிர் உன்னைத் துன்புறுத்தாதிருக்க வேண்டும். ஆறு வாரங்களாக மடல் வரையாமைக்குப் பொறுத்தருள்க. காரணம் வேலைப்பளு அன்று. அதனைக் கீழே, தக்க இடத்தில் விளக்குவேன்.

பதினெட்டு ஆண்டுகளாகக் குனிந்து பீங்கான் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டியதால் முதுகுத் தசை தளர்ந்துவிட்டது, அதைப் பலப்படுத்தாவிடில் பொங்கலுக்குள் இந்த வேலையை விட வேண்டியதுதான் என்று மருத்துவர் உரைத்ததும், நீ அங்கிருந்தபடியே இங்குள்ள பிலாட்டீஸ் உடற்பயிற்சி வகுப்பில் என் பெயரைப் பதிந்ததும் நீ அறிந்ததே. கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில், பந்தி இல்லாத நாள்களில், காலை ஆறு மணிக்கு ரீட்டா என்னும் பெண் நடத்துகிறாள். சென்னையில் பயின்றவள், பொறுமைசாலி. நான் புறப்படும்போதெல்லாம் உன் தந்தையார், "படுக்கறதுக்கா ஆட்டோ புடிச்சி போற, வூட்டுலயே படேன்" என்பார். அறியாதார் கூற்றை நான் பொருட்படுத்துவதில்லை.

இனி, மடல் வரையக் கூசியதற்குக் காரணமான உண்மையை உரைக்கிறேன். முதல் மூன்று வாரங்கள் நான் பயிற்சி செய்யவேயில்லை. உனக்கு வகுப்பு நாள்களில் தவறாமல் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் விரிப்பின்மேல் தெரிந்த பாதங்கள் என்னுடையவையே. ஆனால் நான் வடக்குச் சுவரோரம் நாற்காலியில் அமர்ந்து, ஒரு விரிப்பை இழுத்துப் போட்டு அதன்மேல் கால்களை வைத்திருந்தேன். அங்கு வரும் பதினோரு பெண்களில் ஏழு பேர் என் மேற்பார்வையில் வண்ணம் தீட்டுபவர்கள். ஐந்தாம் வகுப்போடு நின்று, பொட்டலம் கட்டிய தாள்களைப் படித்தே தமிழ் கற்று, நாற்பது வயதில் பத்தாம் வகுப்புத் தேறி மேற்பார்வையாளரானவள், அவர்கள் நடுவே மல்லாந்து கிடப்பது பதவிக்கு அழகன்று எனக் கருதினேன். ஆகவே அவர்கள் மூச்சு விடும் முறையை நாற்காலியிலிருந்தே திருத்தி வந்தேன்.

நான்காம் வாரம், மண்டபத்துக்குப் புதிதாக வந்த மேசைகளை மற்ற மூன்று சுவர்களோரமும் அடுக்கிவிட்டார்கள். இடம் குறுகியதால் ரீட்டா விரிப்புகளை வடக்கே தலை வைக்கும்படி விரித்தாள். ஒருத்தியும் படுக்கவில்லை. "எங்க வூட்டுல எந்தப் பக்கம் தலை வச்சாலும் தூக்கம் வருதுங்க" என்று அவள் கெஞ்சியும் பயனில்லை. நான் எழுந்து, திசைகளின் இயல்பு பற்றிக் கால் மணி நேரம் உரையாற்றி, தெற்கே தலை வைத்தலே உத்தமம் எனத் தீர்ப்பளித்தேன். எல்லோரும் திரும்பிப் படுத்தனர். காலைத் தூக்கச் சொன்னதும் இருபத்திரண்டு பாதங்கள் நேரே என் முகத்துக்கு எதிரே வந்து நின்றன. என்னிடம் தொழில் பழகிய கொளஞ்சி சட்டென்று எழுந்து உட்கார்ந்து, "அய்யய்யோ, பெரியவங்க மூஞ்சிக்கு நேரா காலக் காட்டறதா, என்னால முடியாதுப்பா" என்றாள். எல்லோரும் எழுந்துவிட்டனர். நாற்காலியை நகர்த்த இடமில்லை. "ஒண்ணு நீங்க வெளிய போவணும், இல்ல எங்களோட வந்து படுக்கணும்க்கா" என்றாள் கொளஞ்சி. அளித்த தீர்ப்பை நானே மாற்றுவது முறையன்று. புடவைக்குக் கணுக்காலருகே ஊக்கு குத்திக்கொண்டு அவள் பக்கத்தில் படுத்தேன்.

கால் ஒரு சாண் உயர்ந்ததும் நடுங்கலாயிற்று. "பொம்மைக்குக் கண்ணு எழுதறப்ப கை ஆடாது, இப்ப காலு டைப்படிக்குதேக்கா" என்று கொளஞ்சி சொல்லவும் கூடமே சிரித்தது. எனக்கும் அடக்க முடியவில்லை. சிரித்தபோதுதான் அடிவயிற்றுத் தசை எங்கிருக்கிறது என்பதே புலப்பட்டது. "அதேதாங்க, அத அப்படியே புடிச்சி வைங்க" என்று ரீட்டா கூவினாள். அன்று முதல் கொளஞ்சி தொழிற்கூடத்திலும் என்னிடம் அஞ்சுவதில்லை என்பது மெய். வண்ணம் ஒன்றும் கெட்டுவிடவில்லை. மூன்று வாரங்களாகப் பின்வரிசையில், திருத்தம் எதுவும் கூறாமல், பயிற்சி செய்கிறேன். படுத்தவாறு கையூன்றாமல் எழுந்தமர்வது இன்னும் கைகூடவில்லை. கொளஞ்சி பாதங்களைப் பிடித்துக்கொண்டால் பாதிவரை வருகிறேன். ஒரு மணி நேரம் தொடர்ந்து குனிந்து வேலை பார்த்தாலும் முதுகு வலிப்பதில்லை.

நேரத்துக்கு உண்பாயாக. கணினி முன் கூனி அமராதே. எல்லா நலனும் பெற்று நீடு வாழ்க. அம்மா தவறாமல் போறாங்க என்று உன் தோழியரிடம் பெருமையாகச் சொன்னதாக நீ தொலைபேசியில் கூறியது முதல் உன்னோடு பேசவே நா எழவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். என்மேல் கோபமா இல்லையா, அதை மட்டும் எழுது. சீக்கிரம் பதில் போடு கண்ணு.

இப்படிக்கு,
உன் அம்மா
ந. ஆண்டாள்