பிலிப்பாவின் கூந்தலில் பின்னிய சங்கிலி

பிரைட்டன், 1872 ஏப்ரல் 4

மழை. மூன்று பேர் வந்தார்கள். மூவருக்கும் அவரவர் வீட்டில் செத்தவரின் ஆவி வந்து பேசியது. மேசைக்கடியில் தங்கை டார்கஸ் கால்விரலைச் சொடுக்கினால், ஆவிதான் தட்டுகிறது என்று நம்பாதவர் இந்த ஊரில் இன்னும் பிறக்கவில்லை.

கடைசியாக டாரன்ட். இது ஏழாவது முறை. அவர் மனைவி பிலிப்பா பிப்ரவரி 20 அன்று விஷத்தால் இறந்தாள். வேலைக்காரி ஹெஸ்டர் சிறையில். ஆனால் அவர் வருவது பிலிப்பாவுக்காக இல்லை, எனக்காக. முப்பத்தாறு வயதில் கன்னம் சிவக்கிறது. வெட்கக்கேடு! சந்தோஷமாகவும் இருக்கிறது.

ஏப்ரல் 9

கேட்டேவிட்டார்! துக்க வருஷம் முடிந்ததும் கல்யாணம். சரி என்றேன்.

"திங்கக்கிழமை ஊர்ப் பெரியவங்க நாலு பேரைக் கூட்டிட்டு வரேன், லவினியா. ஹெஸ்டர்தான் விஷம் வெச்சான்னு பிலிப்பாவே சொல்லணும். சொல்ல வெச்சிருவீங்கல்ல?" என்று சிரித்தார். என் தொழில் தெரிந்தும் விரும்புகிறார்!

டார்கஸ்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அக்கா, செத்தவங்களைப் பேச வைக்கிறது நம்ம பொழப்பு. உசுரோட இருக்கிறவளைத் தூக்குல ஏத்துறதுமா?"

குற்றவாளிதானே என்றேன்.

ஏப்ரல் 12

ஆவி இறங்க உதவும் என்று டாரன்டின் கடிகாரச் சங்கிலியைக் கேட்டு வாங்கினேன். பிலிப்பாவின் முடியில் பின்னிய துக்கச் சங்கிலி, செத்தவர் நினைவாக அணிவது. கொக்கியில் முடிப்பின்னல்காரர் ஜெஸப்பின் முத்திரை. வழக்கம்போல அவர் கடைக்கு விசாரிக்கப் போனேன். முடி பின்னுகிறவர்களுக்குத் தெரியாத குடும்பக் கதை கிடையாது.

"அந்த ஐயாவை மறக்க முடியுமா? சம்சாரம் போய் ஒரு வாரம்னு தேம்பித் தேம்பி அழுதாரு. சங்கிலி பின்னி முடிக்க ஆறு வாரமாகும்னேன், சரின்னாரு."

"எப்போ?"

புத்தகத்தைப் புரட்டினார். "ஜனவரி எட்டு கொடுத்தாரு. பிப்ரவரி பத்தொன்பது வாங்கிட்டாரு."

அவள் செத்தது மறுநாள். டிசம்பர் காய்ச்சலில் வைத்தியர் வெட்டச்சொன்ன கூந்தலாம் — டாரன்டே முன்பு என்னிடம் சொன்னது. துக்கத்தின் முதல் நாளே சங்கிலியோடு நிற்க ஆசைப்பட்டிருக்கிறார்.

ஏப்ரல் 13

பாவி. பாவி மனுஷன். நான் மட்டும் என்னவாம்?

ஏப்ரல் 15

அவர் பெரியவர்களோடு என் வீட்டுக்கு வந்த நேரத்தில் நான் ஜெஸப்போடு மாஜிஸ்திரேட் முன்னால் இருந்தேன்.

"நீங்க எதுக்கு அந்தக் கடைக்குப் போனீங்க? ஆவி சொல்லிச்சா?"

ஆமாம் என்றால் தொழில் பிழைக்கும். வழக்கு சிரிப்பாய்ச் சிரித்து ஹெஸ்டர் தொங்குவாள்.

"எந்த ஆவியும் எங்கிட்ட ஒரு நாளும் பேசினதில்லீங்க. எல்லாம் விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிறதுதான். தட்டுற சத்தம் என் தங்கச்சி கால்விரல்."

எழுத்தர் பேனாவை நிறுத்திவிட்டார். "எழுதிக்குங்க" என்றேன்.

ஏப்ரல் 27

ஹெஸ்டரை விட்டுவிட்டார்கள். நேரே இங்கே வந்தாள்.

"நீங்க ஏமாத்துக்காரியாமே அம்மா?"

"ஆமா."

"நல்லவேளை" என்றாள்.

ஆகஸ்ட் 20

காலை எட்டு மணிக்கு டாரன்டைத் தூக்கிலிட்டார்கள். பத்து மணிக்கு, முன்பு வழக்கமாக வந்துகொண்டிருந்த திருமதி பிளண்டெல் வந்து, அவர் ஆவியைக் கூப்பிடு என்கிறாள்!

"நான் பொய்க்காரின்னு பேப்பர்லயே போட்டாச்சே."

"அது கோர்ட்டுக்காகச் சொன்னது. எங்களுக்குத் தெரியாதா?"

அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். டார்கஸ் கடைக்குப் போயிருந்தாள். திரையை இழுத்துவிட்டு மேசை முன் தனியாக உட்கார்ந்தேன். கல்யாணம் என்று சொன்னதாவது நிஜமா என்று அவரைக் கேட்டேன், வாய்விட்டே கேட்டேன்.

டார்கஸ் திரும்பும் வரை காத்திருந்தேன். ஒரு தட்டல்கூட இல்லை.