கெஞ்சாத மனு

கொல்லம் 1107 ஆடி 7, வெள்ளி.

ஜெயித்துவிட்டோம். அதுவும் 'ஆஸ்க்' என்ற ஒற்றைச் சொல்லை வைத்து!

சந்தையில் தான் மீன் விற்கும் இடத்தை வேறொருவன் பிடித்துக்கொண்டான் என்று கடியப்பட்டணம் மரியம்மை போன வாரம் மனு எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்தாள். வழக்கம்போல் கெஞ்சும் 'பெக்' போட்டு இங்கிலீஷில் எழுதினேன். கைநாட்டு வாங்கும் முன் தமிழில் சொல்லிக் காட்டுவது என் முறை. "தாழ்மையாய்க் கெஞ்சுகிறேன்" என்றதும் விரலை இழுத்துக்கொண்டாள்.

"நான் எதுக்குக் கெஞ்சணும்? களவா எடுத்தேன்? வேற எழுதும்."

எரிச்சலோடு அகராதியைப் புரட்டினேன். 'இம்ப்ளோர்' என்றால் மன்றாடுவது என்றேன். "அது மாதாகிட்ட மட்டுந்தான்" என்றாள். 'டிமாண்ட்' என்றால் அதட்டிக் கேட்பது என்றேன். "சண்டைக்கா போறேன்?" என்று சிரித்தாள். கடைசியில் வெறும் 'ஆஸ்க்'தான் மிஞ்சியது.

"கேக்கேன். அதுதான்" என்று பெருவிரலை மையில் அழுத்தினாள்.

தாசில்தார் மனுவை என் முகத்தில் எறிவார் என்று ஒரு வாரமாய்ப் பயந்து கிடந்தேன். இன்று எங்கள் இருவரையும் கூப்பிட்டார். இரண்டு தரம் படித்தார். என்னை ஒருமுறை பார்த்தார். இடத்தை அவளுக்கே விடும்படி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

"கேட்டேன், தந்தாரு" என்றாள் மரியம்மை. அவளுக்கு அவ்வளவுதான். இருபது வருஷமாய் இந்தக் கையால் எத்தனை பேரைக் கெஞ்ச வைத்திருக்கிறேன்!

தாசில்தார் கச்சேரியில் குமாஸ்தா வேலைக்கு நான் எழுதி வைத்திருந்த மனுவை வீட்டுக்கு வந்ததும் எடுத்துப் பார்த்தேன். மூன்று வரிக்குள் நான்கு 'பெக்'. கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாய் எழுதினேன். ஒரே ஒரு 'ஆஸ்க்'. மை காய்ந்துவிட்டது, இனி அழிக்க முடியாது.