ஒலிவப் பாட்டின் கைதட்டு

கிரனாடா, வெள்ளி

என் பியானோக்காரனுக்கு,

இசைத்தட்டு வந்துவிட்டது. அட்டையில் நாம் இருவரும் சிரிக்கிறோம்.

ஊரே மூன்றாவது பாட்டைத்தான் கேட்கிறது, அந்த ஒலிவ அறுவடைப் பாட்டை. முடிவில் பியானோவின் ரீங்காரம் அடங்குமுன் ஒரே ஒரு கைதட்டு விழுகிறது. ஒலிப்பதிவாளர் எலாடியோ அதை வெட்டவே இல்லை. “நம்ம ஊர்க் கைதட்டுன்னா இதுதாம்மா! தாளம் பிசகாம விழுந்திருக்கு. யாரு தட்டுனது?” என்றார்.

“அவருதான்.”

நீ தட்டியது என் கன்னத்தில் என்று நான் சொல்லவில்லை. கடைசி வரியின் நடுவே மூச்சு வாங்கியதற்கு அடி. பதிவு ஓடுவதைக் காட்டும் சிவப்பு விளக்கு அணையும்வரை சத்தமே வரக்கூடாது என்பது பதிவறைச் சட்டம். நானும் அழவில்லை.

உன் விரல் எலும்புகள் கூடிவிடும் என்கிறார் டாக்டர். பியானோ மூடி தானாக விழுந்தது என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். கேட்டால் நீயும் அதையே சொல்.

இசைத்தட்டில் சேராத நான்காவது பாட்டின் ஒலிநாடாவை நேற்று எலாடியோ என் கையில் வைத்துவிட்டுப் போனார். அப்போதும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முதலில் மூடி விழும் சத்தம். பிறகு உன் அலறல். அதற்கு மேலே என் குரல், சுருதி சுத்தமாக:

“விளக்கு எரியுது. சத்தம் போடாத.”

இப்படிக்கு,
உன் பாடகி