நீல ஒட்டுப் போட்ட கூடை

இன்று காலை பெட்டியைத் துடைக்கும்போது உன் நோட்டு அகப்பட்டது. பிரித்ததும் கொஞ்சம் சாமை உமி மடியில் உதிர்ந்தது. முதலில் நினைவுக்கு வந்தது உன் காய்ச்சல்தான். முகம் பிறகுதான் வந்தது. மன்னித்துக்கொள்.

பட்டணத்துக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தபோது புள்ளியியல் எனக்குக் கொண்டாட்டம், உனக்குச் சந்தேகம். கரும்பலகையில் சராசரி என்று எழுதினாலே, "அந்தச் சராசரி ஆளு எந்த வூட்ல இருக்கான்டி?" என்று என் காதைக் கடிப்பாய்.

நாம் திருப்பத்தூர்ப் பெண்கள் என்பதால், விடுமுறையில் மலைமேல் நெல்லிவாசல்நாட்டில் பன்னிரண்டே வீடுள்ள ஓர் ஊரில் தானியக் கணக்கெடுக்கச் சொன்னார் பேராசிரியர். யுத்தகாலம். நம் அட்டவணை தாலுகா ஆபீசுக்குப் போகும். இருப்பு குறைந்த ஊருக்கு மட்டும் மேலே தானியம் அனுப்புவார்கள்.

ஒவ்வொரு வீட்டிலும் வாசலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே அழைத்துச் சாமைக் கூடையைக் காட்டினார்கள். நான் படியால் அளந்தேன். நீ நோட்டின் ஓரத்தில் கிறுக்கிக்கொண்டிருந்தாய். "கூடைக்கு இன்னா நெறம்னு உன்ன யாருடி கேட்டாங்க?" என்று கேலி செய்தேன். நீ சிரித்துவிட்டு எழுதிக்கொண்டே இருந்தாய்.

வீடு திரும்பிக் கணக்குப் போட்டால் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு வீடுகூடச் சராசரியை விட்டு விலகவில்லை! எல்லோரிடமும் போதுமான சாமை. பேராசிரியர் முதுகில் தட்டப்போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

நீ நோட்டின் ஓரத்தைப் படித்தாய். "முதல் வூட்டுக் கூடைல நீலத்துணி ஒட்டு. அஞ்சாவது வூட்லயும் நீல ஒட்டு. கடைசி வூட்லயும் அதான். ஒரே கூடைடி."

"நாளைக்கு அனுப்பணும். கணக்கு சரியாதானே வருது?" என்றேன். மறுபடி மலையேறலாம் என்று நீ கூப்பிட்டபோது கால் வலிக்கிறது என்றேன். என் காலில் ஒரு வலியும் இல்லை.

மழையில் தனியாகப் போனாய். நாலாம் நாள் நனைந்து திரும்பி, அந்த ஊர் அம்மா ஒருத்தி சொன்னதை அப்படியே என்னிடம் சொன்னாய்: "வூட்டுக்கு வந்தவங்களுக்குக் காலிக் கூடையா காட்றது? நீங்க வாசல்ல தண்ணி குடிக்கச்சொல்ல நெறஞ்ச கூடைய பின்பக்கமா தூக்கிம்போய் அடுத்த வூட்ல வெச்சோம். எங்க ஊர் வழக்கம் அது." பதினொரு வீட்டில் ஒரு மணி சாமை இல்லை.

புது அட்டவணையை என் கையில் கொடுத்துவிட்டுப் படுத்தாய். அதைத்தான் ஆபீசுக்கு அனுப்பினேன். மலைக்காய்ச்சல். பத்து நாள்கூடத் தாங்கவில்லை. உன்னை அடக்கம் செய்த மறுவாரம் அந்த ஊருக்குத் தலைச்சுமையாகத் தானியம் ஏறியது. உனக்குச் சொல்ல வேண்டும் என்று தவித்தேன். இப்போதும் தவிக்கிறேன்.

இப்போது ஊர் ஊராக எடுத்த கணக்குகள் என் மேசைக்குத்தான் வருகின்றன. எண்கள் எல்லாம் அழகாக ஒத்துப்போனால், 'கூடையைப் பார்த்தீர்களா?' என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்புகிறேன். ஆபீசில் எனக்குக் கூடைக்காரி என்றே பெயர். நல்ல கெட்டிக்காரி என்றும் சொல்கிறார்கள். அந்தக் கேள்வி உன்னுடையது என்றும், அன்று கால் வலிக்கிறது என்று சொல்லி வீட்டில் இருந்துவிட்டவள் நான் என்றும் அவர்களுக்குத் தெரியாது.