அப்பாவுக்கு நீ ஊட்டு

தம்பி,

தையல் கடைக்குக் கிளம்பிவிட்டேன். சாவி ஜன்னலோரம் இருக்கிறது.

அப்பாவுக்குச் சோற்றைக் குழைய மசித்து வைத்திருக்கிறேன். பன்னிரண்டு மணிக்கு நிமிர்த்தி உட்காரவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டு. வாயில் சோறு இருக்கும்போது சிரிக்க வைக்காதே, புரையேறிவிடும்.

நேற்று மூவரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்ததும், "அப்பா இப்படி இளைச்சுட்டாரே, யாரும் சரியா கவனிக்கலையா?" என்று கேட்டாய். அந்த 'யாரும்' நான் ஒருத்திதான். ஏழு வருஷமாக. நீ வீடு திரும்பி ஒரு வாரம்கூட ஆகவில்லை.

அக்கா

பி.கு.: நேற்று நீ ஊட்டியதும் அப்பா தட்டைக் காலி செய்துவிட்டார். என்னிடம் பாதிக்கு மேல் வாய் திறந்ததே இல்லை. சந்தோஷம்தான். வயிறு எரிந்ததும் உண்மைதான்.

இன்னொன்று: இனி ராத்திரியும் நீயே ஊட்டு. சோறு ஆறுவதற்குள் நானும் ஒருநாள் சாப்பிட்டுப் பார்க்கிறேன்.