டின் தகடு ஒட்டின கார்

ஜூன் 12, வியாழன்

தாராவியில எங்க கெரேஜுக்கு வர்ற மாட்டுங்கா மாமாவோட பழைய காரை ஃபிட்னஸ் டெஸ்டுக்கு செம்பூர் கொண்டு போனோம். பிரேக், ஹெட்லைட் எல்லாம் பாஸ். அப்புறம் இன்ஸ்பெக்டர் அடியில குனிஞ்சு ஸ்க்ரூடிரைவரால குத்துனாரு. டிரைவர் கால் வைக்கிற எடத்துல பொசுக்குன்னு உள்ள போயிருச்சு.

அங்க துருப்பிடிச்ச ஓட்டைய அடைச்சது நான்தான். எண்ணெய் டின் தகட்ட வெட்டி ஒட்டி, மேல கருப்பு பெயிண்ட் அடிச்சேன். எங்க கெரேஜ்ல எல்லாரும் அப்படித்தான் பண்ணுவோம்.

"கிஸ்னே கியா யே?", யாரு பண்ணதுன்னு கேட்டாரு இன்ஸ்பெக்டர்.

மாமா என்னைப் பாக்காமலே, "பஹுத் புரானா காம் ஹை, சாப்", ரொம்பப் பழைய வேலைன்னாரு.

ஞாயித்துக்கிழமையானா மாமா, மாமி, அவங்க பொண்ணு மூணு பேரும் அதுலதான் கோயிலுக்குப் போறாங்க. இத நான் ஒரு தடவகூட யோசிக்கல.

கார் ஃபெயில். வெளிய வந்ததும் மாமா சாவிய என் கையில வச்சாரு. "நீயே ஓட்டிண்டு போ. நான் ட்ரெயின்ல வரேன்."

தாராவி வர வரைக்கும் என் ரெண்டு காலுக்கு நடுவுல அந்த ஓட்டை வழியா ரோடு ஓடுறது தெரிஞ்சுது.